தனியார் மருத்துவமனை செவிலியர்கள்: ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தயாராவது எப்படி

வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆள் சேர்க்கத் தொடங்கும் சங்கம் தோற்றுப்போகும். நோட்டீஸில் கையெழுத்துப் போடும் நாளுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே வார்டு வார்டாக வேலை நடந்திருக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் செவிலியர்களுக்கானவை. அரசு செவிலியர்களுக்கு நடத்தை விதிகளும் சட்டங்களும் வேறு. அவர்கள் இதை அப்படியே பின்பற்றக் கூடாது.

சட்டம் உங்களைச் சேர்த்துக்கொள்கிறதா

1947ஆம் ஆண்டின் தொழிற் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. பழைய சங்கத் தோழர்கள் பிரிவு 22, பிரிவு 12(3) என்று சொன்னால் அது பழைய எண். வேலைநிறுத்தம் இப்போது பிரிவு 62, சமரசப் பேச்சு பிரிவு 53.

முதலில் உங்கள் மருத்துவமனையை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். முழுக்கவோ பெரும்பகுதியோ அறப்பணியில் ஈடுபட்ட அமைப்பு நடத்தும் நிறுவனத்தைப் புதிய சட்டம் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. மிஷன் மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனை என்றால் நிர்வாகத்தின் முதல் வாதமே இதுவாகத்தான் இருக்கும். அறக்கட்டளை என்று பெயர்ப்பலகை மாட்டியதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. ஆனால் நோயாளிகளிடம் வாங்கும் கட்டணம், இலவச சிகிச்சையின் அளவு, ஆண்டறிக்கை ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே சேர்த்து வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். இந்தக் கேள்வி தீராமல் வேலைநிறுத்தம் வரை போவது ஆபத்து.

அடுத்து, யார் தொழிலாளர்? ஸ்டாஃப் நர்ஸ் சந்தேகமில்லாமல் தொழிலாளர். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளர் அல்ல. வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள் விஷயத்தில்தான் இழுபறி வரும். பதவிப் பெயரை வைத்து முடிவாகாது, செய்யும் வேலையை வைத்துத்தான் முடிவாகும். இன்சார்ஜ் சிஸ்டர் ஊசி போடுகிறாரா, ட்ரிப் மாற்றுகிறாரா, ஷிஃப்டில் நோயாளிகளைப் பொறுப்பேற்கிறாரா, அல்லது லீவு அனுமதிப்பதும் மெமோ கொடுப்பதும் மட்டும்தான் வேலையா? டூட்டி ரோஸ்டர் நகல்கள் இதற்குச் சாட்சி.

சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் உரிமை தனி. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால் 51 சதவீத ஆதரவுள்ள சங்கமே பேச்சுச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் பேச்சுக் குழுவில் இடம் பெறும். இந்தச் சதவீதம் செவிலியரை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. லேப் டெக்னீஷியன், ஆயா, வார்டு பாய், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் உண்டு. செவிலியர் மட்டும் தனியாக நின்றால் 51 எட்டாமல் போகலாம். மற்றவர்களையும் சேர்த்தே சங்கம் கட்டுவது நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பதிவு முடிந்ததும் செய்ய வேண்டியது, பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியலை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுப்பது. மொத்தத் தொழிலாளர்களில் ஒரு சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது இவர்களை வேலைநீக்கம் செய்ய முன் அனுமதி வேண்டும். பல சங்கங்கள் இதை மறந்துவிடுகின்றன. செயலாளரைத் தூக்கிய பிறகுதான் நினைவு வருகிறது.

வரைபடம்

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வார்டுகள்: ஐசியூ, பச்சிளம் குழந்தைப் பிரிவு, டயாலிசிஸ், லேபர் வார்டு, அறுவை அரங்கு, கேஷுவால்டி, ஜெனரல் வார்டுகள். மேலே காலை, மாலை, இரவு ஷிஃப்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: சங்க உறுப்பினரா, மருத்துவமனை விடுதியில் தங்குகிறாரா, ஒரிஜினல் சான்றிதழ் நிர்வாகத்திடம் இருக்கிறதா, வீட்டில் இவர் சம்பளம் மட்டும்தானா. பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். காலை ஷிஃப்ட் பொறுப்பாளர் இரவு ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ள முடியாது. இரவுக்குத் தனி ஆள் வேண்டும்.

எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் நிர்வாகம் உடைக்கும். பெரும்பாலும் அது புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கும் வார்டு, அல்லது வெளிமாநிலச் செவிலியர்கள் அதிகம் இருக்கும் பிரிவு. மலையாளமோ இந்தியோ மணிப்புரியோ பேசுகிற ஒருவர் பொறுப்பாளராக இல்லாவிட்டால் அவர்களுக்குச் செய்தியே போய்ச் சேராது.

சான்றிதழ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. திருப்பித் தரச் சொல்லி ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை நகலில் வாங்கி வையுங்கள். பேச்சு தொடங்குமுன் இது முடிய வேண்டும். சான்றிதழ் பீரோவில் இருக்கும்வரை இருபத்திரண்டு வயதுப் பெண் வாசலுக்கு வரத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று பெற்றோர். போராட்டம் சூடுபிடித்ததும் நிர்வாகம் ஊருக்கு போன் செய்யும்: "உங்கள் மகள் தப்பான ஆட்களோடு சேர்ந்திருக்கிறாள்." அந்த அழைப்பு வருவதற்கு முன்பே மகளே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். முடிந்தால் சங்கத்தின் மூத்த சிஸ்டர் ஒருவர் பெற்றோரிடம் பேசியிருக்க வேண்டும்.

கோரிக்கை மனு

இருபத்தைந்து கோரிக்கை எழுதினால், பேச்சுமேசையில் நிர்வாகம் சீருடைத் துணி, கேன்டீன் டீ ஆகிய இரண்டையும் ஒப்புக்கொண்டு "பாதி தீர்ந்தது" என்று சொல்லும். ஐந்து முதல் ஏழு வரை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அதற்கு ஆதாரம், நீங்கள் இறங்கி வரக்கூடிய கடைசி எல்லை ஆகிய மூன்றும் வேண்டும். கடைசி எல்லை பேச்சுக் குழுவுக்குள் மட்டும் இருக்கட்டும்.

சம்பளத்துக்கு வலுவான ஆதாரம் உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த குழுவின் பரிந்துரை. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் 200 வரை என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது பரிந்துரைதான், நேரடியாக வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. ஆனால் சமரச அலுவலர் (இரு தரப்பையும் அழைத்துப் பேச வைக்கும் தொழிலாளர் துறை அதிகாரி) முன் வைக்கும்போது நிர்வாகம் பதில் சொல்லியே தீர வேண்டிய எண் இது.

ஆள் பற்றாக்குறைக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் இருக்கிறது. தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர், விடுப்பு ஈடுக்கு 30 சதவீதம் கூடுதல். எட்டு படுக்கை ஐசியூவுக்குக் கணக்கு: 8 பேர், 3 ஷிஃப்ட், ஆக 24. அதில் 30 சதவீதம் 7.2. மொத்தம் 31 பேர். உங்கள் ரோஸ்டரில் 16 பேர் இருந்தால், 15 பேர் குறைவு என்று எழுதுங்கள். "போதுமான ஊழியர்களை நியமிக்க வேண்டும்" என்று எழுதினால் அதற்கு "பரிசீலிக்கப்படும்" என்றுதான் பதில் வரும். மூன்று மாத ரோஸ்டர், எத்தனை இரவு ஒருவரே எத்தனை வென்டிலேட்டர் பார்த்தார், எத்தனை டபுள் டூட்டி, அதற்குக் கூடுதல் நேரப் பணம் வந்ததா ஆகியவற்றைத் தேதியோடு ஒரு நோட்டில் ஏற்றி வையுங்கள். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. நோயாளியின் பெயர், கேஸ் ஷீட் நகல் எதையும் இந்த நோட்டில் சேர்க்காதீர்கள். அது தனி ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவிடும்.

கவனிக்காமல் விடப்படும் ஒரு பொறி: சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ என்ற அரசு மருத்துவக் காப்பீடு போய்விடும். பங்களிப்புப் பருவம் செப்டம்பரிலோ மார்ச்சிலோ முடியும் வரைதான் நீடிக்கும். ஆகவே 20,000 வாங்குபவருக்கு 2,500 உயர்வு கேட்கும்போதே குடும்பத்தோடு சேர்த்த மருத்துவக் காப்பீட்டையும் அதே கோரிக்கையில் கேளுங்கள். நிர்வாகம் 'சிடிசி' (ஒரு ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) கணக்கில் பேசினால் நிறுத்துங்கள். அதில் நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் அடங்கும். கையில் வரும் தொகை, அடிப்படை ஊதியம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சுமேசை

ஐந்து பேர் போதும். ஒருவர் மட்டும் பேசுவார். ஒருவர் எழுதுவார். மற்றவர்கள் நிர்வாகத்தின் முகத்தையும் எண்களையும் கவனிப்பார்கள். எதிர்பாராத முன்மொழிவு வந்தால் அங்கேயே தலையாட்டாமல் பத்து நிமிட இடைவெளி கேட்டு வெளியே போய்ப் பேசுங்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் அன்றைய குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நிர்வாகம் மறுத்தால் அன்று மாலையே "இன்று பேசியவை இவை" என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு, களைத்துப் போன நிலையில், ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். உறுப்பினர் கூட்டத்தில் வைத்துவிட்டுத்தான் கையெழுத்து என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பேச்சு இழுக்கிறது என்றால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் தகராறு மனு. சமரசம் நடக்கும் காலத்தில் தகராறு தொடர்பான பணி நிபந்தனைகளை நிர்வாகம் பாதகமாக மாற்றக் கூடாது. ஷிஃப்ட் நேரத்தைத் திடீரென்று மாற்றினாலோ படியை நிறுத்தினாலோ உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்மொழிப் புகாருக்கு மதிப்பில்லை.

நோட்டீஸ் கணக்கு

பலர் சறுக்குவது இங்கேதான். நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் வேலைநிறுத்தம் கூடாது. நோட்டீஸில் குறிப்பிட்ட தேதிக்கு முன்னும் கூடாது. 60 நாளுக்குள் செய்யாவிட்டால் நோட்டீஸ் காலாவதி. சமரச அலுவலர் முதல் அமர்வு நடத்தும் நாளிலிருந்து சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது முடிந்து 7 நாள் வரை வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம்.

ஒரு எடுத்துக்காட்டு. மார்ச் 1 நோட்டீஸ். மார்ச் 9 முதல் அமர்வு. வேலைநிறுத்த நோட்டீஸ் வந்த தகராறில் சமரச அலுவலர் 14 நாளில் அறிக்கை அனுப்ப வேண்டும், அதாவது மார்ச் 23. மேலும் 7 நாள், மார்ச் 30. ஆக உங்களுக்கு இருப்பது மார்ச் 31 முதல் ஏப்ரல் 29 வரை. இன்னும் ஒரு பூட்டு உண்டு: அறிக்கைக்குப் பிறகு எந்தத் தரப்பும் தொழில் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கும் காலத்திலும், முடிந்து 60 நாளும் வேலைநிறுத்தம் கூடாது. விவரமான நிர்வாகம் அந்த ஏழு நாளுக்குள்ளேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடும். அதனால் சங்கத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டியது நோட்டீஸுக்கும் சமரச முடிவுக்கும் இடைப்பட்ட அந்த மூன்று நான்கு வாரத்தில்தான். வேலைநிறுத்த நாளுக்காக பலத்தைச் சேமித்து வைப்பவர்கள் அதைப் பயன்படுத்தாமலே இழக்கிறார்கள்.

கேரளச் செவிலியர்கள் இதைச் செய்து காட்டினார்கள். ஐக்கிய செவிலியர் சங்கம் 2018 ஏப்ரல் 24 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்து, சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணமும் அறிவித்தது. முந்தைய நாள் 23ஆம் தேதி குறைந்தபட்ச ஊதிய அரசாணை வெளிவந்தது. வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. நடத்திவிடுவார்கள் என்று எல்லோரும் நம்பியதால்தான் அது தேவைப்படவில்லை.

நோட்டீஸுக்கு முன் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். மூன்று ஷிஃப்டுக்கும் வசதியாக, மருத்துவமனைக்கு வெளியே, இரண்டு நாள். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை என்பது போதாது. மொத்த உறுப்பினர்களில் முக்கால் பங்கு ஆதரவு இல்லையென்றால் நோட்டீஸ் கொடுக்காதீர்கள், இன்னும் இரண்டு மாதம் வார்டுக்குப் போங்கள்.

நோட்டீஸுக்கான படிவத்தைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நிர்வாகத்திடம் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். சமரச அலுவலருக்கும் அதே நாளில் நகல். அன்றே கேவியட் மனுவும் தாக்கல் செய்யுங்கள், உள்ளூர் சிவில் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும். வாசலில் கூடுவதற்குத் தடை கேட்டு நிர்வாகம் போகும்போது உங்களைக் கேட்காமல் உத்தரவு பிறப்பிக்காமல் இருக்க அது உதவும். கேவியட் 90 நாள்தான் செல்லும்.

மொத்தமாக கேஷுவல் லீவு போடும் பழைய உத்தி இனி வேண்டாம். ஒரே நாளில் 50 சதவீதம் பேர் சேர்ந்து விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்று புதிய சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம் என்றால் தொழிலாளருக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. தூண்டியவருக்கு அபராதம் 10,000இலிருந்து தொடங்குகிறது. அதோடு முன்னறிவிப்பின்றிப் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமலிருந்தால் எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. கறுப்பு பேட்ஜ், ஷிஃப்ட் முடிந்த பிறகு வாயிற்கூட்டம், உணவு இடைவேளையில் ஆர்ப்பாட்டம், ஊதியமில்லாத கூடுதல் வேலையை மறுப்பது, இவையெல்லாம் நோட்டீஸுக்கும் சமரச முடிவுக்கும் இடையில் அழுத்தம் கொடுக்கும் வழிகள். சென்னையில் பொது இடத்தில் கூட ஐந்து நாள் முன்னதாகக் காவல் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நோயாளிக்கான திட்டம்

இதை நிர்வாகம் கேட்கும் வரை காத்திருக்காமல் நோட்டீஸோடு இணைத்தே கொடுங்கள். ஐசியூ, பச்சிளம் குழந்தைப் பிரிவு, லேபர் வார்டு, கேஷுவால்டி, டயாலிசிஸ், அவசர அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எந்த ஷிஃப்டில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கவும் புதிய அட்மிஷனைக் குறைக்கவும் நிர்வாகத்துக்கு அவகாசம் கொடுத்திருக்கிறோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. பிறகு "நோயாளிகளைக் கைவிட்டார்கள்" என்ற பேச்சு நிற்காது.

ஷிஃப்ட் நடுவில் யாரும் வெளியேறக் கூடாது. வேலைநிறுத்தம் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் தொடங்கட்டும். இரவு டூட்டிக்காரர்கள் ஒவ்வொரு நோயாளியையும் படுக்கையருகே நின்று எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். பொறுப்பேற்க ஆள் வராவிட்டால் நர்சிங் சூப்பரின்டெண்டெண்டை அழைத்து அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே கிளம்ப வேண்டும். மார்ஃபின், ஃபென்டனில் ஆம்பூல்களை இருவர் எண்ணி, பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட்டு, சாவியைப் பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். அவசர ட்ராலியின் சீல் எண்ணையும் எழுதுங்கள். ஒரு ஆம்பூல் குறைந்தாலும் அந்தப் பழி வேலைநிறுத்தத்தின் மேல்தான் விழும்.

வாசலில் ஆம்புலன்ஸ் பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதற்கென்றே ஷிஃப்டுக்கு இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒரு கண்ணாடி உடைந்தாலும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர், மருத்துவ நிறுவனப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேலேயே திரும்பும். வெளியாள் கலாட்டா செய்தால் காட்டுவதற்கு வீடியோ எடுக்கும் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

பணமும் தங்குமிடமும்

வேலைநிறுத்த நாளுக்குச் சம்பளம் கிடைக்காது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். 180 உறுப்பினர், மாதம் 300 ரூபாய், பத்து மாதம் என்றால் 5,40,000 ரூபாய். இதை எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 3,000தான், ஒன்றுக்கும் ஆகாது. மிகவும் தேவையுள்ள 60 பேருக்கு நாளுக்கு 500 என்றால் 18 நாள் தாங்கும். யார் அந்த 60 என்பதை வரைபடத்தின் நான்காவது விவரத்தை வைத்து முன்பே முடிவு செய்யுங்கள். நடுவில் முடிவு செய்தால் மனத்தாங்கல் வரும். அவசரப் பிரிவில் பணிபுரிபவர்கள் அந்த நாள்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை நிதிக்குத் தருவது என்றும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விடுதியில் தங்குபவர்களுக்கு மெஸ் முதலில் நிற்கும், பிறகு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அருகில் ஒரு கல்யாண மண்டபமோ தோழமைச் சங்கத்தின் கட்டடமோ பேசி வையுங்கள். பெண்கள் தங்கும் இடத்தில் கழிப்பறை எத்தனை, இரவுக் காவலுக்கு யார் என்பதையும் நேரில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாற்று ஆள்களாக நர்சிங் மாணவிகள் இறக்கப்படுவார்கள். 2017 ஜூலையில் கண்ணூரில் மாவட்ட நிர்வாகமே மாணவிகளைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்ப உத்தரவிட்டது. மாணவிகளோடு சண்டை போடாதீர்கள். தனியாக வென்டிலேட்டர் பார்க்க வைக்கப்படும் மாணவியின் ஆபத்தை நர்சிங் கவுன்சிலுக்கும் சமரச அலுவலருக்கும் எழுதுங்கள். அவர்களில் பலர் அடுத்த ஆண்டு உங்கள் உறுப்பினர்கள்.

வாட்ஸாப் குழுவில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஹெச்ஆர் மேசைக்குப் போகும் என்று எண்ணியே எழுதுங்கள். முடிவுகள் நேரில், அறிவிப்புகள் மட்டும் வாட்ஸாப்பில். சார்ஜ் மெமோ வந்தால் தனியாகப் பதில் எழுத வேண்டாம். வந்த நாள், நேரம் குறித்துச் சங்கத்திடம் கொடுங்கள். சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் பாதியும், விசாரணை தாமதத்துக்குத் தொழிலாளர் காரணமில்லை என்றால் அதற்குப் பிறகு 75 சதவீதமும் பிழைப்பூதியம் தர வேண்டும்.

ஒப்பந்தம் எழுதும்போது

சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், பழைய பேச்சில் 12(3), உறுப்பினர் அல்லாதவரையும் பின்னால் வேலைக்குச் சேருபவரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகத்தோடு நேரடியாகப் போடுவது கையெழுத்திட்ட தரப்புகளோடு நின்றுவிடும். முடிந்தவரை முதலாவதையே கேளுங்கள். எழுத்தில் இருக்க வேண்டியவை: உயர்வு எந்தத் தேதியிலிருந்து, நிலுவை எத்தனை தவணை, எந்தத் தேதிக்குள், வேலைநிறுத்த நாள்கள் விடுப்பில் கழிக்கப்படுமா, பணித் தொடர்ச்சி முறியுமா, சஸ்பெண்ட், சார்ஜ் மெமோ, காவல் புகார் அனைத்தும் திரும்பப் பெறப்படும் என்று ஒவ்வொன்றின் எண்ணோடு, இடமாற்றப் பழிவாங்கல் இல்லை, ஒப்பந்தக் காலம் எத்தனை ஆண்டு. காலம் எழுதாவிட்டால் ஆறு மாதம் என்று கொள்ளப்படும், முடித்துக்கொள்ள 60 நாள் நோட்டீஸ் வேண்டும். ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது அதில் உள்ள விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்பதால் மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கையெழுத்தான மாதத்தின் சம்பளச் சீட்டை ஒவ்வொரு வார்டிலிருந்தும் இரண்டு பேரிடம் வாங்கி ஒப்பந்த எண்களோடு ஒப்பிடுங்கள். அடிப்படை ஊதியத்தை உயர்த்திவிட்டு வேறொரு படியை அதே அளவு குறைப்பது வழக்கமாக நடக்கிறது. அது தெரிந்த அன்றே, அடுத்த மாதத்துக்குத் தள்ளாமல், சமரச அலுவலருக்கு எழுதுங்கள்.